இதில் இயேசு எங்கே?

ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், நாம் குருப்பட்டம் பெற்ற புதிதில், ஒரு கிராமத்துச் சிற்றாலயத்தைப் புதுப்பிக்கும் பொறுப்பு நம்மிடம் வந்து சேர்ந்தது. ஓட்டுக் கூரையை நீக்கிக் காங்கிரீட் தளம் போட்டாயிற்று. பீடத்தின் பின்சுவர் மட்டும் வெறுமையாக நின்றது. அவ்வூர் உபதேசியாரின் மகன் அப்போது சென்னையில் ஓவியம் பயின்றுகொண்டிருந்தான். விடுமுறைக்கு வந்தவன், சுருட்டிய தாள் ஒன்றைக் கொண்டுவந்து நம் மேசைமீது விரித்தான். வெண்சுவர், அதன் நடுவில் அன்று, சற்றே இடப்புறம் தள்ளி, மேலிருந்து கீழாக ஒரு கருங்கோடு, அதைக் குறுக்காக வெட்டும் மற்றொரு கோடு. சுற்றிலும் காவிநிறப் புள்ளிகள். மார்கழி வாசலில் வைப்பார்களே, அப்படிப்பட்ட புள்ளிகள். ஆனால் அவற்றை இணைக்கும் இழை இல்லை. அடியில் பட்டையாக நீலம். அவ்வளவுதான்.

"இதில் இயேசு எங்கே, தம்பி?" என்று கேட்டோம்.

"பாதர், அந்தப் புள்ளியெல்லாம் காத்துக்கிட்டு இருக்குது..." என்று அவன் ஏதோ சொல்லத் தொடங்கினான். நாம் அதை முழுவதும் கேட்கவில்லை. மக்களுக்கு விளங்காது என்றோம். ஆலயம் பரிசோதனைக்கூடம் அன்று என்றும் சொன்னோம். பிறகு நகரத்துக் கடையொன்றிலிருந்து பிளாஸ்டர் சுரூபமும், அதன் பின்னே பொருத்தப் பொன்வண்ணக் கதிர்களும் வாங்கி வைத்தோம். மக்கள் மகிழ்ந்தார்கள் என்பதை மறைப்பதற்கில்லை. அந்தத் தாளை அவன் நம் மேசையிலேயே விட்டுச் சென்றான்.

அன்று நாம் கேட்டது இறையியல் சார்ந்த கேள்வி என்றே எண்ணியிருந்தோம். உண்மையில் அது நாம் ஒரு நூலும் படிக்காமல் கேட்ட கேள்வி. குருமடத்தில் அழகியல் என்பது மெய்யியல் பாடத்தின் வாலில் தொங்கிய ஒரு பிற்பகல் வகுப்பு. மழைக்காலமாயின் அதுவும் இல்லை. 'உருவமில்லா ஓவியம்' என்றால் நம்பிக்கையிழந்த மேலைநாட்டாரின் கிறுக்கல் என்ற பொதுக்கருத்தே நமக்கும் இருந்தது. அக்கருத்து எவ்வளவு பிழையானது என்பதை, அந்த ஓவியத்துக்கு வழிகோலிய நூல்களைப் பிற்காலத்தில் ஒவ்வொன்றாகப் படித்தபோதுதான் உணர்ந்தோம்.

முதலில் ஜெர்மானிய நூல் ஒன்று. வில்ஹெல்ம் வோரிங்கர் என்னும் இளைஞர் முனைவர் பட்டத்துக்கென எழுதிய ஆய்வு, 1908ஆம் ஆண்டு மியூனிக் நகரில் நூலாக வெளிவந்தது. 'அருவமாக்கலும் ஒன்றுணர்தலும்' என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். கலை என்றால் இயற்கையை உள்ளவாறு படியெடுப்பது; அப்படிப் படியெடுக்காதவர்கள் படியெடுக்கத் தெரியாதவர்கள் என்பது அக்காலத்துப் படித்தவர்களின் எண்ணம். எகிப்தியர் மனிதனைப் பக்கவாட்டில் தட்டையாக வரைந்தது திறமைக்குறைவால் என்றே பாடப்புத்தகங்கள் கூறின. வோரிங்கர் அதை மறுத்தார். வியன்னா அறிஞர் அலோய்ஸ் ரீகல் வகுத்த வழியில் நின்று, கலையை ஆளுவது திறன் அன்று, விருப்பாற்றல் என்றார். உலகத்தோடு இணக்கமாக வாழும் மக்கள் அதன் உருவங்களில் தம்மையே உணர்ந்து மகிழ்கிறார்கள். நிலையற்ற உலகத்தின்முன் அச்சமுறும் மக்களோ அதன் ஓட்டத்திலிருந்து ஒரு வடிவத்தைப் பிடுங்கியெடுத்து, நேர்கோட்டிலும் வட்டத்திலும் அதை நிலைநிறுத்தி, அங்கே இளைப்பாறுகிறார்கள். இதுவே அவர் கூற்றின் சாரம்.

இக்கூற்றில் குறை இல்லாமல் இல்லை. கீழைநாட்டார் அனைவரையும் அவர் ஒரே உணர்வுக்குள் அடைத்துவிட்டார். விடியற்காலையில் வாசல் தெளித்துப் புள்ளி வைக்கும் பெண் எந்த அச்சத்தால் அப்படிச் செய்கிறாள்? அவளைப் பார்த்திருந்தால் வோரிங்கர் ஓர் அத்தியாயத்தை மாற்றி எழுதியிருப்பார். ஆயினும், உருவத்தை விலக்குவதும் ஒரு தேட்டமே, இயலாமை அன்று என்று முதன்முறையாக அழுத்திச் சொன்ன பெருமை அவருடையது. நாம் வாழும் காவேரிப்பாக்கத்திலிருந்து ஆம்பூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், மேல்விஷாரத்தில் மசூதிகளைக் கடந்தே போகிறோம். அவற்றின் சுவர்களில் உருவம் என்று ஒன்றில்லை. அவை பக்தியற்றவை என்று நம்மில் யாராவது சொல்லத் துணிவோமா?

வோரிங்கரின் நூலை வெளியிட்ட அதே மியூனிக் பதிப்பகத்திலிருந்துதான், 1911ஆம் ஆண்டின் இறுதியில், வாசிலி கண்டின்ஸ்கியின் 'கலையில் ஆன்மிகம் குறித்து' என்னும் சிறுநூல் வந்தது. தலைப்பையே கவனியுங்கள். அருவ ஓவியத்தின் தொடக்க நூல் என்று உலகம் கருதும் நூலின் தலைப்பிலேயே ஆன்மா இருக்கிறது! கண்டின்ஸ்கி 1866இல் மாஸ்கோவில் பிறந்தவர். ஆர்த்தடாக்ஸ் திருச்சபையைச் சேர்ந்தவர். சட்டம் பயின்று பேராசிரியப் பதவி தேடிவந்தபோது அதை உதறிவிட்டு, முப்பதாம் வயதில் ஓவியம் கற்க மியூனிக் சென்றவர். ஒருநாள் அந்தி மயங்கும் வேளையில் தம் பட்டறைக்குள் நுழைந்தவர், சுவரோரமாகச் சொல்லொணா அழகுடன் ஓர் ஓவியம் ஒளிர்வதைக் கண்டு திகைத்து நின்றாராம். அதில் என்ன பொருள் வரையப்பட்டிருக்கிறது என்று தெரியவில்லை. நிறமும் வடிவமும் மட்டுமே தெரிந்தன. நெருங்கிப் பார்த்தால், அது அவருடைய ஓவியமே, பக்கவாட்டில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மறுநாள் பகல் வெளிச்சத்தில் அந்த அழகை மீண்டும் காண முயன்றார், முடியவில்லை. பொருள்களின் உருவமே தம் ஓவியத்துக்குத் தடையாக இருக்கிறது என்று அன்று உணர்ந்ததாக 1913இல் எழுதிய நினைவுக் குறிப்பில் அவர் சொல்கிறார்.

அவருடைய நூலின் உள்ளடக்கம் ஒரு மறையுரையாளருக்கு அந்நியமானதன்று. பொருள்முதல்வாதம் என்னும் கொடுங்கனவிலிருந்து ஆன்மா இப்போதுதான் விழித்தெழுகிறது என்று தொடங்குகிறார். மனித குலத்தின் ஆன்மிக வாழ்வை மெல்ல மேல்நோக்கி நகரும் ஒரு முக்கோணமாகக் கற்பனை செய்கிறார். உச்சியில் நிற்பவன் தனித்து நிற்கிறான், கீழேயிருப்பவர்கள் அவனைப் பித்தன் என்கிறார்கள். ஓவியன் எதை வரையலாம், எதை வரையலாகாது என்பதற்கு அவர் வைக்கும் ஒரே அளவுகோல் 'அகத்தேவை' என்பது. உள்ளத்தின் கட்டாயத்தால் பிறந்த கோடு எதுவாயினும் ஏற்புடையது; அது இல்லாமல் பிறந்தது எவ்வளவு அழகாக இருந்தாலும் வெறும் அலங்காரம். நீலம் நம்மை விட்டு விலகி ஆழத்துக்குள் சென்று விண்ணுலகை நினைப்பூட்டும், மஞ்சள் நம்மை நோக்கிப் பாய்ந்து மண்ணோடு நிற்கும் என்று நிறங்களுக்கெல்லாம் இலக்கணம் வகுக்கிறார். மஞ்சள் மண்ணோடு நிற்பதாம்! தாலிக்கயிற்றையும் தெருக்கதவின் நிலையையும் மஞ்சளால் புனிதமாக்கும் நம் பெண்களிடம் அவர் ஒரு சொல் கேட்டிருக்கலாம். நிறத்துக்கு எல்லா நாட்டிலும் ஒரே பொருள் என்று எண்ணியது அந்நூலின் பலவீனம். ஆயினும் நூல் ஓராண்டுக்குள் மூன்று பதிப்புகள் கண்டது; 1914இல் ஆங்கிலத்திலும் வந்துவிட்டது.

இவ்விடத்தில் நம் தமிழ்நாட்டுக்கும் இதற்கும் உள்ள ஒரு வியப்பான தொடர்பைச் சொல்ல வேண்டும். கண்டின்ஸ்கி தம் நூலில் பிரம்மஞான சபையை நிறுவிய பிளாவட்ஸ்கி அம்மையாரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். அச்சபையின் தலைமையகம் 1882இன் இறுதியிலிருந்து சென்னை அடையாற்றில் இருந்து வருகிறது. அதன் தலைவர்களான அன்னி பெசன்ட்டும் லெட்பீட்டரும் இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் 'எண்ண வடிவங்கள்' என்றொரு நூல் வெளியிட்டார்கள். சினம், பக்தி, அன்பு, பயம் முதலிய உணர்வுகள் கண்ணுக்குப் புலப்படாத வண்ண உருவங்களாக மனிதனைச் சூழ்ந்திருப்பதாகக் கூறி, அவற்றைப் படங்களாகவும் அச்சிட்டார்கள். மேகம் போன்ற நீலமும் மின்னல் போன்ற சிவப்பும் கொண்ட அப்படங்களில் மனிதரோ மரமோ இல்லை. கண்டின்ஸ்கி அந்நூலின் ஜெர்மன் பெயர்ப்பை அறிந்திருந்தார். பிரம்மஞானத்தில் கத்தோலிக்கர் பங்குகொள்ளலாகாது என்று உரோமைப் புனித அலுவலகம் 1919இல் ஆணையிட்டது. அந்தக் கோட்பாட்டில் நமக்கும் உடன்பாடில்லை. ஆனால் கண்டின்ஸ்கியைப் பிரம்மஞானி என்று ஒரே சொல்லில் ஒதுக்குவதும் நேர்மையாகாது. மூலையில் அகல்விளக்கும் ஐகான் படமும் வைத்த உருசிய வீடுகளில் நுழைந்தபோது தாம் ஓவியத்துக்குள்ளேயே நுழைந்ததுபோல் உணர்ந்ததாகவும் எழுதியவர் அவர். அவருடைய நாட்டவரான மாலேவிச், 1915இல் வெண்பரப்பில் ஒரு கருஞ்சதுரத்தை வரைந்து கண்காட்சியில் வைத்தபோது, ஐகான் வைக்கும் அதே அறைமூலையின் உச்சியைத்தான் அதற்குத் தேர்ந்தார். அதை ஐகானுக்கு அவமதிப்பாகக் கொண்டவர்களும் உண்டு. அந்த மூலையை விட்டால் தம் படத்துக்கு வேறு இடமில்லை என்று அவர் எண்ணியதாகவே நமக்குத் தோன்றுகிறது.

ஆங்கிலேயரான கிளைவ் பெல் 1914இல் எழுதிய 'கலை' என்னும் நூலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஓவியத்தில் என்ன வரையப்பட்டிருக்கிறது என்பது பொருட்டன்று, கோடும் நிறமும் தம்முள் இயைந்து நம்மை அசைக்கின்றனவா என்பதே பொருட்டு என்றார். தெளிவான நூல், ஆனால் எதற்காக அசைய வேண்டும் என்று கேட்டால் அதில் விடை மெலிந்துவிடுகிறது.

நூல்களுக்குப் பின் ஓவியங்களும் கடல் கடந்து வந்தன. 1922 டிசம்பரில் கல்கத்தாவில், இந்திய கீழைக்கலைச் சங்கத்தின் கண்காட்சியில், ஜெர்மனியின் பௌஹௌஸ் கலைப்பள்ளியைச் சேர்ந்த கண்டின்ஸ்கி, பால் கிளே முதலியோரின் படைப்புகள் வைக்கப்பட்டன. அதை ஏற்பாடு செய்ய உதவியவர்களுள் ஒருவர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் என்னும் ஆஸ்திரியப் பெண்மணி. பிற்காலத்தில் இந்துக் கோயிற்கலை பற்றிப் பெருநூல் எழுதியவர். சென்னைக்கு அந்த அலை வர இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இதற்கிடையில், அருவ ஓவியத்தைச் சிறிதும் விரும்பாத ஒரு தமிழர், அதை நாம் புரிந்துகொள்வதற்கான திறவுகோலைச் செய்து வைத்துவிட்டுப் போனார். ஆனந்த குமாரசுவாமி 1877இல் கொழும்பில் பிறந்தார். தந்தை சர் முத்துக்குமாரசுவாமி இலங்கைச் சட்டசபையில் இடம்பெற்ற யாழ்ப்பாணத் தமிழர், தாய் ஆங்கிலேயர். குழந்தைக்கு இரண்டு வயது நிறையுமுன்பே தந்தை இறந்துவிட, இங்கிலாந்தில் வளர்ந்து, நிலவியல் கற்று, இலங்கையின் கனிமவள ஆய்வுத்துறைக்குத் தலைவராகத் திரும்பி வந்தார். பாறைகளைத் தேடிக் கிராமங்களுக்குச் சென்றவர் கண்டது, அழிந்துகொண்டிருந்த கைத்தொழில்களை. நெசவாளர், தட்டார், குயவர், மரச்சிற்பியர் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டெழுதி, 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் நூலை 1908இல் முடித்தார். இங்கிலாந்தில் பழையதொரு நார்மன் சிற்றாலயத்தைப் புதுப்பித்து வீடாக்கிக்கொண்டு, கவிஞர் வில்லியம் மோரிஸ் பயன்படுத்திய கையச்சு இயந்திரத்தில், 425 படிகள் மட்டுமே அதை அச்சிட்டார். ஆலயத்தைப் புதுப்பித்தவருள் இப்படியும் ஒருவர்!

1917முதல் அமெரிக்காவின் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய அவர், 1934இல் 'கலையில் இயற்கையின் உருமாற்றம்' என்னும் நூலை வெளியிட்டார். நம்மைப் பொறுத்தவரை, இக்கட்டுரையில் பெயர் சொல்லப்படும் நூல்கள் யாவற்றிலும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால் இதையே வைத்துக்கொள்வோம். இந்தியச் சிற்பி கண்ணெதிரே ஒரு மாதிரியை நிறுத்தி அதைப் பார்த்துச் செதுக்குவதில்லை. அவன் முதலில் தியானத்தில் அமர்ந்து, தியான சுலோகம் கூறும் வடிவத்தைத் தன் உள்ளத்தில் கண்டு, பிறகே உளியை எடுக்கிறான். எனவே 'ஒத்திருத்தல்' என்று நம் மரபு சொல்வது கண்ணால் காணும் சாயலை அன்று; உள்ளே கண்டதற்கும் வெளியே செய்ததற்கும் உள்ள பொருத்தத்தை. இவ்வளவையும் சொல்லிவிட்டு, நூலின் இரண்டாம் அத்தியாயத்தை அவர் யாருக்கு ஒதுக்குகிறார் தெரியுமா? தொமினிக்கன் துறவி எக்கார்ட்டுக்கு. இடைக்காலக் கிறிஸ்தவ ஐரோப்பாவும் இந்தியாவும் கலையைப் பற்றி ஒரே மொழியில் பேசின என்று மேற்கோள் மேல் மேற்கோளாக அடுக்குகிறார். எக்கார்ட்டின் கூற்றுகளுள் 28ஐ 1329இல் திருத்தந்தை இருபத்திரண்டாம் யோவான் பிழையென்றும் ஐயத்துக்குரியதென்றும் தள்ளினார் என்பதை நாம் மறக்கவில்லை; கலை பற்றி எக்கார்ட் சொன்னவை அந்தத் தீர்ப்பின் மையமல்ல. மேலும் குமாரசுவாமி எக்கார்ட்டோடு நின்றுவிடவில்லை. புனித தோமா அக்குவினாரையும் நம்மில் பலரைவிட நன்றாக ஓதியுணர்ந்திருந்தார்.

அந்தப் பிற்பகல் வகுப்பில் நாம் மனப்பாடம் செய்த ஒன்று அப்போதுதான் உயிர்பெற்றது. அழகுக்கு மூன்று வேண்டும் என்கிறார் அக்குவினார்: முழுமை, இயைபு, ஒளி. 'அச்சாகத் தெரிதல்' என்பது அந்த மூன்றில் இல்லை. பிரெஞ்சு மெய்யியலாளர் ஜாக் மாரித்தேன் 1920இல் எழுதிய 'கலையும் ஸ்கொலாஸ்டிக் மெய்யியலும்' என்னும் நூலும் இதையே விரிக்கிறது. கலை என்பது செய்யவேண்டியதைச் செவ்வனே செய்யும் அறிவின் நேர்மை. செருப்புத் தைப்பவனுக்கும் பேராலயம் எழுப்புபவனுக்கும் அது பொது. தோல் தொழிலால் வாழும் நம் மாவட்ட மக்கள் இந்த ஒரு வரையறையைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஆனால் குமாரசுவாமி தம் காலத்து அருவ ஓவியத்தை ஏற்கவில்லை. அது ஒரு சமூகத்தின் பொதுமொழியாக இல்லாமல் தனிமனிதனின் உள்ளச் சிதறலாக இருக்கிறது என்பது அவருடைய குற்றச்சாட்டு. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. நாம் அந்த இளைஞனிடம் 'மக்களுக்கு விளங்காது' என்றபோது, அறியாமலே குமாரசுவாமியின் கட்சியில் நின்றோம் என்று பிற்பாடு நமக்கு நாமே ஆறுதல் சொல்லிக்கொண்டதும் உண்டு. ஆனால் அவன் வைத்த புள்ளிகள் தனிமனிதனின் மொழியா? அவனுடைய தாயும் பாட்டியும் தினந்தோறும் வாசலில் எழுதிய மொழி அல்லவா அது? கடையில் நாம் வாங்கிய பொற்கதிர்கள்தாம் அவ்வூரில் யாருடைய மொழியும் அல்ல.

இந்த இடத்தில்தான் சென்னை ஓவியக் கலைஞர்களின் வரலாறு நமக்கு வேண்டியிருக்கிறது. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளி, நெடுங்காலம் கைவினைப் பொருள்களுக்கும் வடிவமைப்புக்குமான பள்ளியாகவே இருந்தது. 1929இல் அதன் முதல் இந்தியத் தலைவராக வந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினா கடற்கரையில் பாறையை நெம்பும் உழைப்பாளர் சிலையை வடித்தவர். அவரிடம் பயின்று, 1957இல் அவருக்குப்பின் பள்ளியின் முதல்வரானவர் கே. சி. எஸ். பணிக்கர். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்த மலையாளி. தந்தித் துறையிலும் காப்பீட்டிலும் வேலை பார்த்துவிட்டுத் தாமதமாக ஓவியத்துக்கு வந்தவர். 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தோற்றுவித்தார். கிறிஸ்தவர் அல்லர், ஆயினும் மலைப்பொழிவில் ஆண்டவர் சமாதானம் செய்வோரைப் பேறுபெற்றோர் என்ற வாசகத்தையே தலைப்பாகக் கொண்டு 1951இல் ஓர் ஓவியம் தீட்டினார். அதில் மனித உருவங்கள் உண்டு. வான்கோவையும் கோகானையும் விரும்பிக் கற்ற கை அது.

1954இல் ஐரோப்பா சென்று திரும்பியபின், இந்திய ஓவியன் எதன்மேல் நிற்பது என்னும் கேள்வி அவரை விடவில்லை. மேலைநாட்டாரைப் பார்த்து வரைந்தால் நிழல். அஜந்தாவைப் பார்த்து வரைந்தால் பழங்கதை. விடை வந்த விதம்தான் சுவையானது. 1963இல், மாணவர் ஒருவரின் கணக்கு நோட்டைத் தற்செயலாகப் புரட்டிக்கொண்டிருந்தாராம். எண்கள், ரோமன் எழுத்துகள், வரிவரியாக இறங்கும் இயற்கணிதச் சமன்பாடுகள், வடிவகணிதப் படங்கள். படிக்க அன்று, பார்க்க அந்தப் பக்கம் அழகாயிருந்தது. அங்கிருந்து பிறந்தது 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் ஓவிய வரிசை. ஓலைச்சுவடி போலவும் ஜாதகக் கட்டம் போலவும் யந்திரத் தகடு போலவும் தோன்றும் பரப்பில், மலையாள எழுத்தின் சாயலில் வரிகள் ஓடும். வாசிக்க முயன்றால் ஒரு சொல்லும் கிட்டாது. உலகம் முழுவதும் அருவ ஓவியம் என்றால் உருவத்தைக் கழிப்பது என்றிருந்தபோது, பணிக்கர் எழுத்திலிருந்து பொருளைக் கழித்தார். மிஞ்சியது எழுதும் கையின் பணிவும் ஒழுங்கும்.

மூன்றாண்டு கழித்து, 1966இல், சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் அவருடைய தலைமையில் ஓவியர்கள் கூடிச் சோழமண்டலம் என்னும் கலைஞர் கிராமத்தை உருவாக்கினார்கள். ஓவியம் விற்றுப் பிழைக்க முடியாத காலம். பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்ற பணத்தில் நிலம் வாங்கி, குடிசை போட்டு, சவுக்குத் தோப்பு நடுவே வரைந்தார்கள். செம்புத் தகட்டை அடித்து உருவாக்கிய ஜானகிராம், கனவுக் கோட்டைகளை வரைந்த இராமானுஜம், சுல்தான் அலி, வாசுதேவ், நந்தகோபால், சேனாதிபதி என்று அங்கே வாழ்ந்தவர்களின் பெயர்கள் நீளும். கைத்தொழிலும் கலையும் ஒன்று என்று குமாரசுவாமி நூலில் எழுதியதை, அவர் ஏற்காத வகைக் கலையைச் செய்தவர்களே வாழ்ந்து காட்டினார்கள். தமிழிலக்கியச் சிற்றிதழ்கள், குறிப்பாக 1970இல் தொடங்கிய 'கசடதபற', சென்னை ஓவியர்களின் கோட்டோவியங்களைத் தாங்கி வந்தன. மதம் சார்ந்த நம் இதழ்களோ அதே ஆண்டுகளில் இத்தாலிய நாட்காட்டிப் படங்களைத் திரும்பத் திரும்ப அச்சிட்டுக்கொண்டிருந்தன.

திருச்சபை இக்கலையை எப்படி எதிர்கொண்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1951 ஜூனில், பிரான்சில் வான்ஸ் நகரில், ஓவியர் அன்றி மாத்திஸ் அமைத்த செபமாலைச் சிற்றாலயம் அர்ச்சிக்கப்பட்டது. நோயுற்றிருந்தபோது தமக்குப் பணிவிடை செய்த பெண் பிற்பாடு தொமினிக்கன் சகோதரியானார். அவர் பொருட்டே முதியவர் இவ்வேலையை ஏற்றார். வெள்ளை ஓடுகளின்மேல் கருங்கோடுகளால் புனித தொமினிக்கின் உருவம். நம் முன்னோர் சாமிநாதர் என்றழைத்த அதே புனிதர். அந்த உருவத்துக்கு முகம் இல்லை. எதிர்ச் சன்னலின் மஞ்சளும் பச்சையும் நீலமும் வெயில் ஏற ஏற அந்த வெள்ளைச் சுவரில் நகர்ந்து செல்லும். ஆனால் அதே ஆண்டு, அதே நாட்டில், ஆஸி என்னுமிடத்து ஆலயத்தில் ஜெர்மேன் ரிஷியே வடித்த பாடுபட்ட சுரூபம், உருவம் சிதைந்திருக்கிறதென்று மக்கள் முறையிட்டதால் ஆயரின் கட்டளைப்படி அகற்றப்பட்டது. 'அவருக்கு அழகுமில்லை, அமைப்புமில்லை' என்னும் எசாயாவின் கருத்தை வைத்தே அது வடிக்கப்பட்டது. பல ஆண்டுகள் கழித்தே அது தன் இடத்துக்குத் திரும்பியது. 1952இல் உரோமை வெளியிட்ட அறிவுரையும் புதுமைக்கு எச்சரிக்கையாகவே அமைந்தது.

பிறகு காற்று திரும்பியது. 1963 டிசம்பர் 4 அன்று, அதாவது பணிக்கர் கணக்கு நோட்டைப் புரட்டிய அதே ஆண்டில், இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய கொள்கைத்திரட்டை வெளியிட்டது. திருச்சபை எந்த ஒரு கலைப்பாணியையும் தனக்கே உரியதாகக் கொண்டதில்லை என்றும், நம் காலத்துக் கலைக்கும் எல்லா இனத்தார் கலைக்கும் உரிய மரியாதையோடு ஆலயத்தில் இடம் உண்டு என்றும் அதன் 123ஆம் எண் கூறுகிறது. மறு ஆண்டு மே 7 அன்று, சிஸ்டைன் ஆலயத்தில் கலைஞர்களைச் சந்தித்த திருத்தந்தை ஆறாம் பவுல், பழைய பாணிகளை உங்கள்மேல் ஈயப் போர்வைபோல் சுமத்தினோம், மலிவான பொருள்களை வாங்கி வைத்து உங்களைக் கைவிட்டோம் என்னும் கருத்துப்பட மன்னிப்புக் கேட்டார். குருமடத்தில் அந்தக் கொள்கைத்திரட்டை நாம் எண் எண்ணாகப் படித்தோம்; 123ஆம் எண்ணையும் படித்திருப்போம். அதற்கு நான்கு ஆண்டு கழித்துத்தான் பிளாஸ்டர் சுரூபம் வாங்கினோம்.

இங்கே, காவேரிப்பாக்கத்தில், பல்லவர் காலத்துப் பேரேரியின் கரையில் நாம் தங்கியிருக்கிறோம். பாலாற்றுக் கால்வாய் நிறைந்து வரும் ஆண்டுகளில் மறுகரை தெரிவதில்லை. இவ்வூரில் கிடைத்த பழஞ்சிற்பங்கள் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. கி.பி. 949இல் அருகிலுள்ள தக்கோலத்தில் சோழரை வென்ற இராஷ்டிரகூடரின் கலைச்சாயல் அவற்றில் கலந்திருப்பதாக அறிஞர் கூறுவர். வந்தவர் பாணியும் இருந்தவர் பாணியும் ஒரே கல்லில் சேர்ந்திருப்பதை நின்று பார்த்திருக்கிறோம். 'இது யாருடையது?' என்று அக்கல்லைக் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை.

இவ்வூருக்கு மாற்றலாகி வந்து பழைய கோப்புகளை ஒழுங்குபடுத்தியபோது, அந்தத் தாள் அகப்பட்டது. மடிப்புகளில் காவி உதிர்ந்திருந்தது. மேசைமீது விரித்து வைத்திருந்தோம். சனிக்கிழமை மாலையில் பீடத்துக்குப் பூ வைக்க வரும் பெண்மணி, இராணிப்பேட்டைக் காலணித் தொழிற்சாலையில் தோல் வெட்டும் பிரிவில் வேலை செய்பவர், சாவி வாங்க வந்தவர் அதைப் பார்த்து நின்றார். தோலில் வடு எங்கே, சுருக்கம் எங்கே, அதை விலக்கி எத்தனை துண்டு எடுக்கலாம் என்று நாள் முழுவதும் பார்க்கிற கண் அது. தாளைச் சற்றே தம் பக்கம் திருப்பினார்.

"கீழே இருக்கிறது நம்ம ஏரிங்களா, சாமி?" என்றார். பிறகு, "புள்ளி வச்சிட்டு ஏன் கோலத்தை இழுக்காம வுட்டுட்டாங்க? யாரு வரணும்னு காத்திருக்காங்க?"

உபதேசியாரின் மகன் இப்போது ஆம்பூரில் ஒரு காலணி நிறுவனத்தில் வடிவமைப்பாளராக இருக்கிறார். எண்ணைத் தேடிப் பிடித்துத் தொலைபேசியில் அழைத்தோம். தாள் இருக்கிறது என்று சொன்னபோது சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "அதுல நீலம் சரியா வரலைங்க, பாதர். அப்பவே தெரியும்" என்றார். ஏற்றுமதிச் சரக்கு அனுப்பும் வேலை முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.